நிஷாத் தோட்டத்தில் இருபத்துநாலு மடை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரைக்கும் எந்த ஊர்க் கழிப்பறைக்குள் போனாலும் சரி, சுவரில் ஒற்றைக்காலில் ஒரு கொக்கு நின்றால் அது அழகுத்தாய் ஒட்டிய கொக்கு.

முதலில் அவள் ஒட்டியது மயில்தான். அப்போது அவளுக்கு முப்பத்தோரு வயது, தங்கசாமி கொத்தனாரிடம் சித்தாள். ஊர் ஊராகத் தனித்தனி வீடுகளுக்குக் கழிப்பறை கட்டிக்கொண்டிருந்த காலம். நாலடிக்கு மூன்றடி அறை. தங்கசாமிக்கு முழங்கால் மடங்காது. "அழகு, நீ உள்ள போயி ஒட்டு. நான் வெளிய நின்னு சொல்றேன்" என்றார். மூன்றாவது கழிப்பறையில் அவர் சொல்வதை நிறுத்தினார். பத்தாவதில் வெளியே நிற்பதையும் நிறுத்திவிட்டு டீக்கடைக்குப் போனார். அதற்குப் பிறகு டைல்ஸ் வேலை முழுக்க அவள் கையில்தான். பேர் மட்டும் தங்கசாமி கொத்தனார் வேலை.

மீந்த துண்டுகளைக் குப்பையில் கொட்ட அவளுக்கு மனசு வராது. பச்சையும் நீலமுமாகக் கொஞ்சம் மிஞ்சியபோது, ஒரு வீட்டுக் கழிப்பறைச் சுவரில் ஒரு சாண் உயரத்துக்கு மயில் ஒன்றை ஒட்டினாள். கழுத்தை வளைத்துத் திரும்பிப் பார்க்கிற மயில். அந்த வீட்டுக்காரி ஒச்சம்மாள் மறுநாள் காலையில் தெருவில் நின்று கத்தினாள்.

"ஏட்டி, கக்கூசுல போயி முருகன் வாகனத்த ஒட்டி வச்சிருக்கியே! நாங்க எப்படி அதுக்கு முன்னால உக்காருறது? எம்மாமியாரு செருப்பக் கழட்டிட்டுக் கும்புட்டுட்டு வருது!"

அழகுத்தாய் மயிலைப் பேர்த்து எடுத்தாள். எடுத்த இடத்தில் கொக்கு வந்தது. கொக்கு எந்தச் சாமிக்கும் வாகனம் இல்லை. மேலும் கொக்குக்கு வெள்ளை போதும். இந்தப் பக்கத்து வீடுகளில் வெள்ளை டைல்ஸுக்குப் பஞ்சமே இல்லை.

அந்தக் கொக்குதான் சுபேதார் ஜெகதீஸ்வரனை அவளிடம் கொண்டுவந்து சேர்த்தது. இருபத்தெட்டு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பரளச்சியில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். பாளையம்பட்டியில் மச்சினன் வீட்டுக்கு வந்தவர் கழிப்பறைக்குள் போனார். போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. வயிறு சரியில்லையோ என்று மச்சினன் கதவைத் தட்டியிருக்கிறார். "இந்தக் கொக்க ஒட்டுனது யாருய்யா?" என்று உள்ளே இருந்தபடியே கேட்டாராம்.

அன்று சாயங்காலமே மனைவி மாரீஸ்வரியோடு அழகுத்தாய் வீட்டுக்கு வந்துவிட்டார். பாளையம்பட்டியிலேயே, டவுன் பஸ் திரும்புகிற இடத்துக்குப் பின்னால் அவள் வீடு. சட்டைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். ஓரம் மடங்கி, ஒரு மூலையில் டீக்கறை படிந்த போட்டோ.

"இது நிஷாத் தோட்டம். காஷ்மீர்ல, சீநகர்ல இருக்கு. முகலாயரு காலத்துல வச்சது, நானூறு வருசம் ஆகப்போகுது. பன்னெண்டு படி. மலை அடிவாரத்துல ஆரம்பிச்சு ஒண்ணொண்ணா எறங்கி ஏரிக்கரையில வந்து நிக்கும். நடுவுல கல்லு வாய்க்கா. அதுல தண்ணி வரும் பாரு…" சுபேதார் கையை மேலிருந்து கீழே மெதுவாக இறக்கிக் காட்டினார்.

"நல்லா ஆட்டுனீக கைய" என்றாள் மாரீஸ்வரி. "இருபத்தெட்டு வருசத்துல என்னய ஒருநாள் கூட்டிப்போனாகளான்னு கேளு தாயி. செவுத்துலயாவது பாத்துக்கிறேன்."

"ரெண்டு வருசம் அந்தப் பக்கம் டூட்டி. லீவு கெடைச்ச ஞாயித்துக்கெழம பூரா அங்கதான் கெடப்பேன்" என்றார் சுபேதார், மனைவிக்குப் பதில் சொல்லாமல். "வாசக்கதவுக்கு வலதுபக்கம் போர்ட்டிகோச் செவரு. பன்னெண்டடி நீளம், ஏழடி ஒசரம். இந்தப் போட்டோவுல இருக்கறது ஒண்ணு கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. வேல யாரு பேருல? தங்கசாமியா, நீயா?"

அழகுத்தாயின் கணவன் செல்வக்குமார் லோடு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவன் துடைப்பதை நிறுத்திவிட்டான்.

"நாந்தான்யா" என்றாள்.

அந்தச் சுவர் நின்றால் அது அழகுத்தாய் வேலை. நிற்காவிட்டால் மறுபடியும் தங்கசாமிக்குப் பின்னால் சாந்துச்சட்டி. இதை யாரும் அவளுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

மறுநாளே செல்வக்குமாரின் வண்டி நிற்கிற தகரக்கொட்டகை காலியானது. சிமெண்ட் தரையைக் கழுவி, போட்டோவைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, சாக்கட்டியால் பன்னிரண்டடிக்கு ஏழடி தோட்டத்தை வரைந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து துண்டு பொறுக்கிக் கொடுக்கவும் நறுக்கவும் செல்வக்குமாரின் தங்கை காளீஸ்வரி வந்தாள். மில்லில் வேலை பார்த்துப் பஞ்சுத்தூசி ஒத்துக்கொள்ளாமல் நின்றவள். வேலையில் கெட்டி, வாயில் அதைவிடக் கெட்டி.

"காஷ்மீருக்கு வழி விட்டுட்டு என் வண்டி ரோட்டுல வெயில் காயுது" என்று செல்வக்குமார் போகும்போதும் வரும்போதும் சொல்வான்.

"ஏண்ணே, பனி விழுந்தா ஒன்னயத்தான் கூப்புடுவோம், அள்ளிட்டுப் போக" என்பாள் காளீஸ்வரி.

மலை முதலில் வந்தது. அடுப்படி மேடைக்குப் போடுகிற கறுப்பும் சாம்பலும் கலந்த டைல்ஸை இடுக்கியால் நொறுக்கி, கூர் மேலே பார்க்க வைத்தாள். உச்சியில் வெள்ளை. பிறகு மரங்கள். சினார் மரம் என்றால் என்ன என்று தெரியாமல் மூன்று நாள் வேலை நின்றது. சுபேதார் தன் பழைய டைரிக்குள் வைத்திருந்த காய்ந்த இலை ஒன்றை எடுத்துவந்து காட்டினார். அழகுத்தாய் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"பருத்தி எலை கணக்கால்ல இருக்கு."

"பருத்தியா? இது சினார். ஒரு மரத்த நாலு பேரு கைகோத்தாலும் கட்ட முடியாது."

"மரம் பெருசா இருக்கட்டும்யா. எலை பருத்திதான்."

இலை நிறம் பச்சையிலிருந்து மஞ்சளாகி, செம்மண் நிறமாகி, கடைசியில் தீக்கங்கு நிறத்துக்கு வரும் என்று அவர் சொன்னார். அந்தக் கங்கு நிறம் எந்தக் கடையிலும் இல்லை. உடைந்த ஊறுகாய் ஜாடிகளில் இருந்தது. வீடு வீடாகக் கேட்டுப் பதினோரு ஜாடி சேர்த்தாள். ஜாடியின் வயிற்று வளைவு சுவரில் உட்காராது என்பதால் விரல்நகம் அளவுக்கு நறுக்க வேண்டியிருந்தது. ஒரு மரத்துக்கு நானூறு நகம். காளீஸ்வரியின் கட்டைவிரல் வீங்கிப்போனது.

பூப்பாத்திகள் வந்தன. படிக்கட்டுகள் வந்தன. சுபேதார் நடுவில் ஒருதரம் வந்து, கையில் அளவு நாடாவோடு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பன்னிரண்டு படியையும் இரண்டு தடவை எண்ணினார். போகும்போது வாசலில் நின்று, "அந்த மூணாவது படியில எடதுபக்க மரம். அதுக்கு அடியிலதான் உக்காருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தண்ணீர் மட்டும் வரவில்லை. நீலம் கிடைக்கவில்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு வெள்ளை பிடிக்கும், சந்தனம் பிடிக்கும், தவிட்டு நிறம் பிடிக்கும், அழுக்குத் தெரியாது. நீலம் வாங்க ஆள் இல்லாததால் கடைக்காரர்கள் வைப்பதில்லை. கடைசியில் வீரசோழனில் ஒரு வியாபாரி பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறார் என்று செல்வக்குமார் துப்புக் கொண்டுவந்தான். அந்த வீட்டுக் குளியலறையில், தரையிலிருந்து கூரை வரைக்கும் நீலம். வானம் விடிகிற நேரத்தில் இருக்குமே, அந்த நீலம். இடிக்கிறவர்களுக்கு முன்னால் அழகுத்தாய் உளியோடு போய் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல எடுத்தாள்.

அப்படியாகத்தான் அந்தத் தோட்டத்தில் எல்லாம் முளைத்து நின்ற பிறகு தண்ணீர் கடைசியாக வந்தது.

மலை அடிவாரத்திலிருந்து நீலத்தை வைத்துக்கொண்டே இறங்கினாள். முதல் படி வந்ததும் வாய்க்காலின் கல்கரையில் இடதுபுறம் இரண்டு விரல் அகலம் விட்டாள். வலதுபுறமும் விட்டாள். அந்த இடைவெளி வழியாக நூல்போல ஒரு நீலக்கீற்றைப் பூப்பாத்திக்குள் இழுத்துவிட்டாள். அடுத்த படிக்கு நகர்ந்தாள். அங்கேயும் அப்படியே.

காளீஸ்வரி போட்டோவை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். "மதினி, இதுல மடை எங்க இருக்கு?"

"பூ மறைக்கிது பாரு."

"எல்லாப் படியிலயுமா மறைக்கிது?"

"பின்ன? மடை இல்லாமச் செடிக்கு எங்கிட்டுக் கூடித் தண்ணி போகும்? வாளியில கோரியா ஊத்துவாக, இம்புட்டுப் பெரிய தோட்டத்துக்கு?"

காளீஸ்வரிக்கு அது சரியாகப் பட்டது. அழகுத்தாயின் அப்பா செல்லப்பாண்டி பரளச்சிப் பக்கத்துக் கண்மாய் ஒன்றுக்கு நீர்பாய்ச்சியாக இருந்தவர். மண்வெட்டியோடு கரையில் நடந்து, யார் வயலுக்கு எப்போது எவ்வளவு என்று மடை திறந்து அடைக்கிற வேலை. அவர் மகளுக்குத் தெரியாத மடையா? படிக்கு இரண்டு என்று பன்னிரண்டு படிக்கும் இருபத்துநாலு மடை வைத்தாள். மடை வைத்த பிறகு தோட்டத்துக்கே உயிர் வந்ததுபோல இருந்தது அவளுக்கு. எந்தச் செடியைப் பார்த்தாலும், இதற்குத் தண்ணீர் இந்த வழியாக வருகிறது என்று விரலால் தொட்டுக் காட்ட முடிந்தது.

பிறகு பழைய வேட்டிகளில் மைதாப்பசை தடவி, படத்தின் மேல் விரித்து ஒட்டி, காயவிட்டு, துண்டு துண்டாக வெட்டி, நம்பர் போட்டு, அடை எடுப்பதுபோல எடுத்து அடுக்கினார்கள். முப்பத்தாறு துண்டு. செல்வக்குமார் பரளச்சி வரைக்கும் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினான். பால்காய்ப்புக்கு ஒரு வாரம் இருந்தது. சுபேதார் பத்திரிகை வைக்க ஊர் ஊராகப் போயிருந்தார். சுவரில் பசை பூசி, துண்டுகளைப் பொருத்தி, இரண்டு நாள் விட்டு, புதன்கிழமை காலையில் துணியை நனைத்து உரிக்கத் தொடங்கினாள். மலை தெரிந்தது. சினார் தெரிந்தது. வாய்க்கால் மேலிருந்து கீழே ஒரே கோடாக இறங்கி வந்தது.

மாரீஸ்வரி கரண்டியும் கையுமாக ஓடிவந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "ஆத்தீ… தண்ணி குளுருது தாயி" என்றாள். வெயில் அப்போது நூறைத் தாண்டியிருக்கும்.

மத்தியானம் சுபேதார் வந்தார். தோளில் பை தொங்கியபடியே சுவருக்கு முன்னால் நின்றார். முகம் மலர்ந்தது. மூன்றாம் படியின் இடதுபக்க மரத்தைத் தொட்டார். அதற்குப் பிறகு கிட்டத்தில் குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் வேறாக இருந்தது.

"இதென்ன, இங்கிட்டும் அங்கிட்டும் ஒழுகுது?"

"மடைய்யா."

"மடையா! நிஷாத்துல ஏது மடை? தண்ணி நேரா எறங்கும், நேரா ஏரிக்குப் போகும். அம்புட்டுத்தான்."

"அப்பச் செடிக்கு?"

"அங்க மழ பெய்யுது, பனி உருகுது. நெலமே ஈரம். நான் பாத்த வரைக்கும் அந்த வாய்க்காத் தண்ணி ஓடுறதும் விழுறதுந்தான். பாக்கறதுக்கு."

அழகுத்தாய் அவரையே பார்த்தாள். அவர் தமாஷ் செய்யவில்லை. பார்ப்பதற்காக மட்டும் ஒரு தண்ணீர் நானூறு வருஷமாக ஓடுகிறது என்பது அவள் மண்டைக்குள் ஏற நேரம் பிடித்தது. ஏறியபோது பயம்தான் வந்தது. அப்படியானால் இருபத்துநாலு இடத்தில் தப்பு.

"செல்லப்பாண்டி மகள்ங்கறது சரியாத்தான் இருக்கு" என்றார் சுபேதார். "தண்ணியக் கண்டா மடைய வெட்டிருவீக. எங்கூடப் பட்டாளத்துல இருந்தவன் எல்லாம் வெள்ளிக்கெழம வாரான். நரிக்குடி பால்சாமி ஒருத்தன் போதும், ஊரு பூராச் சொல்லிச் சிரிப்பான். அதுக்குள்ள பூராத்தையும் அடைச்சிரு."

அப்பா பேரை அவர் சொன்ன விதம் அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் தலையை ஆட்டினாள். வீடு அவருடையது, போட்டோ அவருடையது, ஒன்று கூடவும் கூடாது என்று முதலிலேயே சொன்னவர் அவர்.

வியாழக்கிழமை விடிந்ததும் சின்ன உளியை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். முதல் படியின் இரண்டு மடையையும் கொத்தி எடுத்து, சந்தனநிறத் துண்டு வைத்துக் கல்கரையாக மூடினாள். இரண்டாம் படியிலும் இரண்டு. எடுத்த இடமே தெரியவில்லை. காளீஸ்வரி கூட அசந்துபோனாள். ஆனால் பாத்திகளைப் பார்க்க அழகுத்தாய்க்குப் பிடிக்கவில்லை. பூக்கள் அதே பூக்கள்தான். இருந்தாலும் காய்ந்துகொண்டிருக்கிற பூக்களாகத் தெரிந்தன.

மூன்றாம் படியில் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். படக்கென்று ஒரு சத்தம். வாய்க்காலுக்குக் குறுக்கே மயிரிழை போல ஒரு கீறல் ஓடியது. பசை இறுகிவிட்டது. இதற்கு மேல் கொத்தினால் வாய்க்காலே சில்லுசில்லாக வந்துவிடும். வீரசோழன் நீலத்தில் மிச்சம் ஒரு கைப்பிடிதான்.

இறங்கிப்போய்ச் சுபேதாரிடம் உள்ளதைச் சொன்னாள். அவர் வந்து கீறலைப் பார்த்தார். கோபப்படவில்லை. அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

"சரி, விடு. நாளைக்கு வர்றவுக வந்துட்டுப் போகட்டும். சனிக்கெழம தங்கசாமியக் கூப்புட்டு மொத்தத்தையும் பேத்து எடுத்துட்டு வெள்ளையே ஒட்டிக்கிறேன். நீ வாங்கற கூலிய வாங்கிக்க. அதுல ஒண்ணும் கொறையில்ல."

நாற்பத்தேழு நாள் வேலை. தங்கசாமி வந்து அதை உடைப்பார். உடைப்பதற்குச் சித்தாளாக அவளையே கூப்பிட்டாலும் கூப்பிடுவார்.

வெள்ளிக்கிழமை பால்காய்ப்புக்கு அவள் போவதாக இல்லை. "போடி, தலைவலி" என்று சுருண்டு படுத்தாள். காளீஸ்வரி விடவில்லை.

"மாரீஸ்வரி அக்கா ரெண்டு தடவ போன் பண்ணிருச்சு. நம்ம சுவத்த உடைக்கப்போறாகன்னா, நம்ம போயி ஒருநாளாச்சும் நாலு பேரு அதப் பாக்கறதப் பாத்துட்டு வரணுமா வேணாமா? எந்திரி மதினி. அந்த மாம்பழக்கலர் சேலயக் கட்டு."

அவர்கள் போனபோது முதல் பந்தி எழுந்து கைகழுவிக்கொண்டிருந்தது. கைகழுவிய கூட்டம் நேராகப் போர்ட்டிகோவுக்கு வந்து நின்றிருந்தது. அழகுத்தாய் பந்தல்காலை ஒட்டிப் பெண்களோடு நின்றுகொண்டாள்.

நரிக்குடி பால்சாமி வாயில் வெற்றிலையோடு முன்னால் நின்றார். "ஏலே ஜெகதீசா! நிஷாத்துதான இது! அந்தா மலை, அந்தா நம்ம சுண்டல் திங்கிற எடம்…" கண்ணைச் சுருக்கினார். "ஆமா, இதென்னடா சைடுல? நிஷாத்துல ஏதுடா மடை?"

சுபேதார் காதுமடல் சிவந்தது. அவர் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒரு கட்டைக்குரல் வந்தது. அவருடைய பெரியப்பா இருளப்பசாமி. எழுபத்தெட்டு வயது, இன்னமும் மல்லியும் மிளகாயும் போடுகிறவர்.

"மடை இல்லாட்டி அது தோட்டமா, ரோடா?"

கூட்டம் சிரித்தது. பால்சாமி விடவில்லை. "பெரியய்யா, நான் நேருல பாத்தவன். அங்க தண்ணி சும்மா ஓடும்."

"சும்மா ஓடுமா? எவன் விட்டான் சும்மா ஓட? காவலுக்கு நீ நின்னு என்ன புண்ணியம்?"

அதற்குப் பிறகு சுவர் படமாக இல்லை, கண்மாய்த் தண்ணீர் பாய்கிற ஆயக்கட்டு ஆகிவிட்டது. ஏழாம் படியில் பாத்தி அகலம், மடை பத்தாது என்றார் ஒருவர். அதுக்குக் கீழே மேடு, ஏறிப் பாயாது என்றார் இன்னொருவர். ரோஜாவுக்கு அவ்வளவு தண்ணீர் ஆகாது என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். சாப்பிடக் கூப்பிட்ட ஆளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொருவர் விரலும் அழகுத்தாய் இழுத்த நீலக்கீற்றைப் பிடித்துக்கொண்டு, அவள் நினைத்த இடத்துக்கே போய்ச் சேர்ந்தது.

இருளப்பசாமி கைத்தடியைத் தூக்கிச் சுவரின் உச்சியைக் காட்டினார். குரல் மாறியிருந்தது.

"இது என்னடா? மேல ரெண்டு படிக்கு மடையக் காணோம். அடைச்சிருக்கு. யாரு அடைச்சது?"

சிரிப்பு நின்றது. இந்தப் பக்கத்தில் அந்தக் கேள்வியை யாரும் விளையாட்டாகக் கேட்பதில்லை. அடுத்தவன் வயலுக்குப் போகிற மடையை அடைத்தவன் கல்யாணம் காட்சிக்கு வந்தால்கூட நாலு பேர் தள்ளித்தான் உட்காருவார்கள். அந்தப் பேர் மகன் காலம் வரைக்கும் போகும்.

"அது படம் பெரியப்பா" என்றார் சுபேதார்.

"படந்தான்ல. படத்துல எதுக்கு வஞ்சகம்? ரெண்டு வயலு காயப்போட்டுட்டு மத்ததுக்கு மட்டும் தண்ணியா? யாரு அடைக்கச் சொன்னது?"

சுபேதார் புதுவேட்டி கசங்க நின்றார். அவர் கண் கூட்டத்தில் தேடி, பந்தல்காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஐயாதான் அடைக்கச் சொன்னார் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் அவள் சொல்ல வேண்டியது. உண்மையும் அதுதான். அதைச் சொன்னால் அவர் இன்று தலைகுனிவார், நாளைக்குச் சுவர் கட்டாயம் உடைபடும்.

அழகுத்தாய் முன்னால் வந்தாள்.

"நாந்தாய்யா அடைச்சேன். தண்ணி கம்மிய்யா. கடைசி வயலு மொதல்ல பாயட்டும்னு மேல அடைச்சிருக்கு. கீழ பாஞ்சு முடிஞ்சதும் நாளைக்கு மேல தொறந்துரும்."

இருளப்பசாமியின் தடி மெதுவாகக் கீழே இறங்கியது. மழை குறைந்த வருஷத்தில் அவர்கள் கண்மாயில் அதுதான் முறை. மேல்வயல்காரன் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வான் என்பதால், முதல் தண்ணீர் கடைசி வயலுக்கு. அது பாய்ந்து முடியும் வரை மேல்மடைகளை அடைத்துக் காவல் நிற்பது நீர்பாய்ச்சியின் வேலை.

"அப்படியா சேதி" என்றார் கிழவர். "அதானே முறை. இத ஏண்டா மொதல்லயே சொல்லல?" பால்சாமி பக்கம் திரும்பினார். "பாத்துக்கய்யா. நானூறு வருசமா ஒனக்குத் தெரியாம அங்கயும் முறை வச்சுத்தான் பாச்சுறாக. நீ சுண்டல் தின்னுக்கிட்டு நின்னுருக்க."

பால்சாமியே வெற்றிலைச் சாறு சட்டையில் ஒழுகச் சிரித்தார். "யாரு ஜெகதீசா வேல? மதுரைக்காரனா?"

சுபேதார் அழகுத்தாயைப் பார்த்தார்.

"இவுகதான். அழகுத்தாய். பாளையம்பட்டி" என்றார். பிறகு, கூட்டத்துக்குச் சொல்வதுபோல, ஆனால் அவளைப் பார்த்தபடியே, "நாளைக்கு வந்து மேல் மடை நாலையும் தொறந்துருவாக" என்றார்.

காளீஸ்வரி பின்னாலிருந்து அவள் முழங்கையை நறுக்கென்று கிள்ளினாள். இரண்டு நாள் தழும்பு இருந்தது.

சனிக்கிழமை தங்கசாமி வரவில்லை. யாரும் கூப்பிடவில்லை. அழகுத்தாய் எட்டு மணிக்கு வந்தபோது சுபேதார் ஏற்கனவே ஸ்டூலைப் போட்டு, வாளியில் தண்ணீர் பிடித்து வைத்து, கையில் ஸ்கேலோடு உட்கார்ந்திருந்தார். முந்தாநாள் வைத்த துண்டுகளுக்குப் பசை இன்னும் முழுசாக இறுகவில்லை. நோகாமல் வந்தன. மிச்சமிருந்த கைப்பிடி நீலத்தை முறத்தில் கொட்டி, நிறம் பார்த்துப் பிரித்தாள்.

"ரெண்டு வெரலுக்கு மேல போகக்கூடாது. நாலும் ஒரே அளவா இருக்கணும்" என்றார் அவர்.

"இருக்கும்யா."

"எனக்கு இன்னமும் இது ஒப்பலன்னு வச்சுக்க. நிஷாத்துல மடை கெடையாது."

"சரிங்கய்யா."

ஒவ்வொன்றையும் ஸ்கேல் வைத்து அளந்தார். ஒன்றில் ஒரு நூல் கூட என்றார். அவள் நறுக்கிச் சரிசெய்தாள். மூன்றாம் படியின் கீறலுக்கு நீலப்பொடி கலந்த வெள்ளைச் சிமெண்டைத் தேய்த்தாள். மாரீஸ்வரி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போக மனமில்லாமல் கதவில் சாய்ந்து நின்றாள். மதியம் ஆவதற்குள் நாலு மடையும் திறந்தன. அழகுத்தாய் ஈரத்துணியால் சுவர் முழுக்க ஒருதரம் துடைத்துவிட்டு இறங்கினாள்.

சுபேதார் வெளிக்கேட் வரைக்கும் பின்னாலேயே நடந்துபோய் அங்கிருந்து பார்த்தார். திரும்பிவந்து கிட்டத்தில் குனிந்து பார்த்தார். மலையிலிருந்து விரலை வைத்து, படிப்படியாக, இருபத்துநாலு மடையையும் தொட்டுக்கொண்டே அடியில் இருந்த ஏரிக்கு வந்து நிறுத்தினார்.

"எல்லாத்துக்கும் பாச்சிட்டா ஏரிக்குத் தண்ணி பத்துமா?" என்று கேட்டார்.

"எல்லாரும் பாஞ்சது போக மிச்சந்தான்யா ஏரிக்கு."

அவர் யோசித்தார். "அப்பச் சரி" என்றார்.